கிளஸ்ரரை மாத்த முதல் கிரவுண்டைப் பாருங்கோ



பதினைந்து வருசம் ஓடின கார் ஒன்று எங்கட வீடுகளில் அநேகமாக நிற்கும். அப்பா விடிய நாலு மணிக்கு வேலைக்குப் போறது அதிலதான். திடீரென்று வெப்பம் காட்டுற முள் அடியில் படுத்திடும், பெற்றோல் முள் ஆடும், ஏபிஎஸ் லைற் வந்து வந்து போகும். உடனே எல்லாரும் உங்களைப் பார்ப்பினம்: "நீ கொம்பியூட்டர் படிச்சனிதானே, என்னெண்டு பார்."

என்னுடைய கருத்து இதுதான். "டாஷ்போட் கிளஸ்ரரை மாத்தோணும்" என்று யார் சொன்னாலும், அளந்த எண் ஒன்று கையில் இல்லாமல் தலையாட்டாதீர்கள். "எனக்குக் கார் தெரியாது" என்று ஒதுங்கவும் வேண்டாம். வயரிங் பழுதைத் தேடுறதும் டிபக்கிங்தான்.

முதல் கேள்வி: பிழைத்தது ஒன்றா, பலதா? ஒரு முள் மட்டும் என்றால் அதன் பாதையைப் பாருங்கள்: சென்சர், வயர், முள். இரண்டு மூன்று ஒன்றாகப் பிழைத்தால், அவை எதைப் பங்கு போடுகின்றன என்று கேளுங்கள். 1960களில் வந்த பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பெற்றோல் முள்ளுக்கும் வெப்ப முள்ளுக்கும் சேர்த்து ஒரே ஒரு வோல்ற்றேஜ் ஸ்டெபிலைசர்தான் இருந்தது. சராசரியாக 10 வோல்ற் குடுக்கிறதுதான் அதன் வேலை. அதன் கிரவுண்ட் விட்டுப்போனால் முழு வோல்ற்றேஜும் போய், இரண்டு முள்ளும் ஒன்றாக மேலே ஏறும். சென்சரை மாத்தினாலும் முள்ளை மாத்தினாலும் அந்தப் பழுது தீராது. இன்றைய கார்களில் அந்தப் பொதுவான இடம் ஒரு பியூசாகவோ, கிரவுண்டாகவோ, பற்றரியாகவோ, டேற்றா போற கான் லைனாகவோ இருக்கலாம்.

இரண்டாவது, பாதையைப் பாதியாக வெட்டுங்கள். எங்களுக்குப் பழகின பைனரி சேர்ச்தான். அமெரிக்காவில் 1996 தொடக்கம் விற்ற பெற்றோல் கார்களில், பெரும்பாலும் ஸ்ரியரிங்குக்குக் கீழே, ஓபிடி-2 சொக்கெற் இருக்கு. மலிவான ஸ்கானரைச் செருகி லைவ் டேற்றாவைத் திறங்கள். அங்கே எஞ்சின் வெப்பம் 90 பாகை என்று வருது, முள் குளிர் என்று காட்டுது என்றால், எஞ்சின் கொம்பியூட்டருக்குத் தகவல் சரியாகப் போகுது. மிச்சப் பாதியைத் தேடினால் போதும். சில கார்களில் முள்ளுக்கென்று தனிச் சென்சர் இருக்கும், வயரிங் டயகிராமைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஸ்கானர் தாற கோட் வெறும் லொக் லைன் மாதிரி. எங்கே வலிக்குது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது.

மூன்றாவது, அளவுங்கள். ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதும். ஓய்வில் நிற்கிற நல்ல பற்றரி 12.6 வோல்ற் அளவில் காட்டும். எஞ்சின் ஓடேக்க 14க்குக் கிட்ட வரவேணும். அது சரியென்றால் கிரவுண்டுக்குப் போங்கள். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸில் வையுங்கள், மற்றதை கிளஸ்ரரின் கிரவுண்ட் வயரில். லைற், ஹீற்றர் எல்லாம் போட்டு மின்சாரம் ஓடவிட்டுப் பாருங்கள். 0.1, 0.2 வோல்ற்றுக்கு மேலே காட்டினால் வழியில் எங்கேயோ தடை இருக்கு. ஓம் அளவை மட்டும் நம்பாதீர்கள். பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரும் ஓமில் "நல்லம்" என்று காட்டும். உண்மையான மின்சாரம் ஓடேக்கதான் அதன் பலவீனம் தெரியும். ரொறன்ரோ மாதிரி ரோட்டில உப்புப் போடுற ஊர்களில் கிரவுண்ட் போல்ற்றுக்குக் கீழே துருப் பிடிக்கிறது சாதாரணம். பல நேரத்தில் மருந்து ஒரு வயர் பிரஷும் அரை மணித்தியாலமும்தான்.

கான் லைனில் சந்தேகமா? பற்றரியைக் கழற்றிவிட்டு, சொக்கெற்றின் 6ஆம், 14ஆம் பின்களுக்கு இடையே ஓம் பாருங்கள். நேராக வயர் போற கார்களில் 60 ஓம் அளவில் வரவேணும், ஏனென்றால் லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்ரர் ஒவ்வொன்று இருக்கு. 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கலாம்.

கிளஸ்ரரே பழுதாகிறதும் உண்டு. 2003க்குப் பிறகு சில வருசம் வந்த ஜிஎம் பிக்கப், எஸ்யுவி பலவற்றில் முள்ளைத் திருப்புற சின்ன ஸ்ரெப்பர் மோட்டர்கள் செத்துப்போறது பிரபலமான பழுது. அதற்கும் முழுக் கிளஸ்ரரை மாத்தத் தேவையில்லை, மோட்டரை மட்டும் சோல்டர் பண்ணி மாத்தலாம். பழைய கிளஸ்ரர் வாங்கிப் போட்டால், பல கார்களில் ஓடின கிலோமீற்றர் கணக்கு பிழைக்கும். சிலதில் இம்மொபிலைசர் அதுக்குள்ளதான் என்பதால் கார் ஸ்ராட் ஆகாது. கனடா 2024இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பழுது பார்க்கிறதுக்காக டிஜிட்டல் பூட்டைத் திறக்க இடம் குடுத்திருக்கு. ஆனால் திறக்கிற கருவியைத் தரச்சொல்லி அந்தத் திருத்தம் கொம்பனிகளைக் கட்டாயப்படுத்தவில்லை. எங்கட சமூகம் இதைப் பற்றியும் கதைக்கவேணும்.

கராஜ்காரரை மட்டும் குற்றம் சொல்லமாட்டன். துருப்பிடித்த போல்ற் ஒன்றைத் தேட இரண்டு மணித்தியாலம் போகலாம். "ஒரு போல்ற்றை இறுக்கினதுக்கு இவ்வளவு காசோ?" என்று நாங்களே சண்டை பிடிப்பம். பெட்டியில் வந்த புதுச் சாமானுக்கு எண்டால் கேள்வி இல்லாமல் குடுப்பம். நான் கொன்ட்ராக்டில் வேலை செய்யிறவன்: ஒரு வரிக் கோட் திருத்தம், அதைத் தேட மூன்று நாள் என்று பில் எழுதுறன், ஒருவரும் சிரிக்கிறதில்லை. தேடுற அறிவுக்குத்தான் விலை. அதை மெக்கானிக்குக்கும் குடுப்பம், பதிலுக்கு "என்ன அளந்தீங்கள், எவ்வளவு வந்தது?" என்று மரியாதையாகக் கேட்பம்.

சில எல்லைகள். எண்ணெய் அழுத்தச் சிவப்பு லைற் வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிறகு யோசியுங்கள். மஞ்சள் நிற எயார்பாக் வயர்களைத் தொடாதீர்கள். 10 அம்பியர் பியூஸ் எரியுது என்று 30 போடாதீர்கள். பிறகு எரியப்போறது வயர்.

இந்தச் சனி, ஞாயிறில் அப்பாவோட காருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். பற்றரி வோல்ற், கிரவுண்ட் வோல்ற், லைவ் டேற்றா வெப்பம், இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் குளோவ் பெட்டியில் வையுங்கள். கார் நல்லா இருக்கேக்க எடுத்த எண்கள்தான், அது பிழைக்கிற நாளில் ஒப்பிட உதவும்.