ரிப் ஓடும் அறைக்கு எந்தப் பிராசஸர்?

ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டுவிட்டால் மார்கழி வரை சிவகாசியில் பிளேட் அறைக்கு ஓய்வு கிடையாது. அந்த ஓட்டம் தொடங்கும் முன் புது சிஸ்டம் போட்டுவிட வேண்டும் என்ற பேச்சு அச்சகங்களிலும் டிசைன் சென்டர்களிலும் எழும். இப்போது அந்தப் பேச்சு பெரும்பாலும் இரண்டு பிராசஸர்களில் வந்து நிற்கிறது: ஏ.எம்.டி.யின் ரைசன் 7 9800எக்ஸ்3டி, இன்டெலின் கோர் அல்ட்ரா 7 265கே. இரண்டும் 2024-இல் இரண்டு வார இடைவெளியில் வந்தவை. இன்டெல் அக்டோபர் 24-இல், ஏ.எம்.டி. நவம்பர் 7-இல். வெளியீட்டு விலை முறையே 394 டாலர், 479 டாலர்.

கடையில் விலை கூடியதைத்தான் காட்டுகிறார்கள். “கேமிங்கில் இதுதான் நம்பர் ஒன் அண்ணாச்சி, டிசைன் வேலைக்குச் சொல்லவே வேண்டாம்” என்கிறார்கள். அது வெளியான 2024-இல் முற்பாதி உண்மை. பிற்பாதியை நம்பித்தான் நம் தொழிலில் பணம் வீணாகிறது.

9800எக்ஸ்3டி விளையாட்டில் முந்துவதற்குக் காரணம் அதன் கேஷ். எட்டு கோர், பதினாறு த்ரெட் என்று பார்த்தால் அது சாதாரணப் பிராசஸர்தான். ஆனால் மூன்றாம் நிலை கேஷ் 96 எம்.பி. இருக்கிறது. இதில் 64 எம்.பி. தனிச் சில்லாகக் கோர்களுக்கு அடியில் ஒட்டப்பட்டிருக்கிறது. முந்தைய 7800எக்ஸ்3டி-யில் அது கோர்களுக்கு மேலே இருந்ததால் சூடு வெளியேறத் தடையாக இருந்தது. இடத்தை மாற்றியதும் வேகத்தைக் கூட்ட முடிந்தது. விளையாட்டு ஓடும்போது பிராசஸர் அதே தகவல்களை முன்பின்னாகத் திரும்பத் திரும்பத் தேடும். தேடியது கை எட்டும் அலமாரியில் இருந்தால் ஒரு வேகம், பேப்பர் கோடவுனுக்கு ஆள் அனுப்பினால் ஒரு வேகம். ரேம் வரை போகவேண்டிய நடை குறைவதால்தான் திரையில் ஃபிரேம்கள் கூடுகின்றன.

நம் வேலை அப்படிப்பட்டதல்ல. 20-க்கு 30 அங்குல சாமி படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 300 டி.பி.ஐ.யில் அது 6000-க்கு 9000, அதாவது 5.4 கோடி புள்ளி. நான்கு நிறத்துக்கும் சேர்த்து, லேயர் எதுவும் இல்லாமலே 216 எம்.பி. அதே படம் 2400 டி.பி.ஐ.யில் பிளேட்டுக்குப் போகும்போது ஒரு நிறத்துக்கு மட்டும் ஏறத்தாழ 345 கோடி புள்ளி. புள்ளிக்கு ஒரு பிட் என்று வைத்தாலே ஒரு பிளேட்டுக்கு 432 எம்.பி., நான்கு பிளேட்டுக்கு 1.7 ஜி.பி.க்கு மேல். பக்கத்தைப் பிளேட்டுக்கான புள்ளிகளாக மாற்றும் மென்பொருளான ரிப் இந்தத் தகவலை வரிசையாக உள்ளே வாங்கி, ஸ்கிரீன் போட்டு, வெளியே தள்ளிக்கொண்டே போகிறது. கடந்துபோன பகுதியை மறுபடி தேடி வருவது குறைவு. அதனால் 96 எம்.பி. கேஷ் இங்கே பெரிதாக உதவாது. எத்தனை கைகள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன என்பதுதான் கணக்கு.

265கே-யில் இருபது கோர்கள். எட்டு பெரியவை, பன்னிரண்டு சிறியவை. எல்லாக் கோர்களையும் முழுமூச்சாக ஓட்டும் சினிபெஞ்ச் போன்ற சோதனைகளில் அது 9800எக்ஸ்3டி-யைப்போல ஒன்றரை மடங்குக்குப் பக்கத்தில் வருகிறது. விளையாட்டில் தெளிவாகப் பின்தங்குகிறது. வெளியான புதிதில் தன் முந்தைய தலைமுறையிடமே சில விளையாட்டுகளில் தோற்றது. இன்டெலே அதை ஒப்புக்கொண்டு திருத்தங்கள் வெளியிட்டது. அந்தக் கெட்ட பெயர்தான் இன்றும் கடைவீதியில் உலவுகிறது. ரிப் சர்வர் வாங்குபவருக்கு அந்தப் பெயரால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்: உங்கள் ரிப் மென்பொருளின் உரிமம் எத்தனை வேலையை ஒரே நேரத்தில் ஓட்ட விடுகிறது? ஒன்றுதான் என்றால் இருபது கோரில் பாதி சும்மா உட்கார்ந்திருக்கக்கூடும்.

டிசைன் மேசையின் கதை வேறு. பட்டாசு லேபிளும் கிஃப்ட் பாக்ஸும் கோரல்டிராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ வரைகிறவர், தங்க நிற எழுத்துக்கு நிழல் போட்டு, அதன் மேல் ஒளிவட்டம் போட்டு, மவுஸை நகர்த்திக் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பு பெரும்பாலும் ஒற்றைக் கோரின் வேகத்தைப் பொறுத்தது. அதில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவு. தினசரி காலண்டர் தாளுக்கு இன்னும் பேஜ்மேக்கரை விடாத இடங்களும் உண்டு. அதன் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அதற்கு எந்தப் பிராசஸர் கொடுத்தாலும் ஒரு கோர்தான் உழைக்கும். இந்த மேசைகளுக்கு இரண்டில் எதுவும் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. மலிவான ஆறு அல்லது எட்டு கோர் பிராசஸரை வாங்கி, மிச்சப் பணத்தில் ரேமை 64 ஜி.பி.யாக்கி, நல்ல என்.வி.எம்.இ. டிஸ்க்கும் நிறம் பொய் சொல்லாத மானிட்டரும் வாங்குங்கள். ஃபோட்டோஷாப்பில் முப்பது லேயர் சாமி படம் திணறுவது ரேம் நிரம்பி டிஸ்க்கில் எழுதத் தொடங்கும்போதுதான்.

இரவில் அதே சிஸ்டத்தில் விளையாடும் இளம் டிசைனர்கள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். வீட்டிலிருந்து லேபிள் வேலை எடுத்துச் செய்பவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் சொந்தக் காசில் 9800எக்ஸ்3டி வாங்குவதில் பிழை இல்லை. பகல் வேலைக்கு எட்டு கோர் தாராளம். ஆனால் அந்தப் பிராசஸரின் மேன்மை வெளியே தெரிய வலுவான கிராபிக்ஸ் கார்டு வேண்டும். நடுத்தரக் கார்டைப் போட்டு 4கே திரையில் விளையாடினால் கார்டுதான் கழுத்தைப் பிடிக்கும். இரண்டு பிராசஸரும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் ஓடும். ஏ.எம்.டி. பக்கம் இன்னொரு வசதியும் உண்டு. 2022-இல் வந்த ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு 2027-க்கு அப்பாலும் ஆதரவு தருவதாக அந்த நிறுவனம் சொல்லியிருக்கிறது. மதர்போர்டை மாற்றாமல் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மின்சாரத்தையும் சூட்டையும் பற்றிக் கடைக்காரர்கள் பேசுவதே இல்லை. 265கே உச்சத்தில் 250 வாட் வரை இழுக்கும். 9800எக்ஸ்3டி-யின் குறிப்பளவு 120 வாட். உச்சத்திலும் 162 வாட்டைத் தாண்டாது. ரிப் ஓடும்போது உச்சம் என்பது ஒரு நொடியில் முடிந்துவிடாது, பிளேட் வரிசை தீரும் வரை நீளும். மேசைக்கடியில் வைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பொதுவாக 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். அதில் பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் எல்லாவற்றையும் மாட்டினால் கரண்ட் போகும் அந்த நொடியில் அதுவும் சேர்ந்து அணையும். பெட்டியில் கூலர் வராது, இரண்டுக்குமே தனியாக வாங்க வேண்டும்.

கூலரை வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. ஆஃப்செட் மெஷினில் அச்சான தாள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தூவும் பவுடர், காகிதத் தூசியோடு கலந்து காற்றில் மிதந்து பக்கத்து அறைக்கும் வருகிறது. ஃபேன் அதை உள்ளே இழுக்கிறது. ஹீட்சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே வெள்ளையாகப் படிந்து, ஈரக்காற்று பட்டதும் பசைபோல் இறுகிவிடுகிறது. பக்கக் கதவைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், அடைத்திருப்பது தெரியும். அந்த நிலையில் எந்தப் பிராசஸரும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். புது சிஸ்டம் வேண்டும் என்று முடிவெடுப்பதற்கு முன் ஒருமுறை புளோயர் பிடித்துச் சுத்தம் செய்து, பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிது தடவி, அதே ஜாப்பை மறுபடி ஓட்டிப் பாருங்கள். புளோயர் பிடிக்கும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை கே வகைப் பிராசஸர்களை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு அவசரமான வேலை ஒன்று உண்டு. மின்னழுத்தம் அளவுக்கு மீறி ஏறி அவை நாளடைவில் கெட்டுப்போவதாக 2024-இல் தெரியவந்தது. இன்டெல் திருத்தங்களை வெளியிட்டு, பெட்டியோடு விற்ற பிராசஸர்களுக்கு வாரன்ட்டியை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டியது. மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்தால்தான் அந்தத் திருத்தம் உள்ளே வரும். காரணமில்லாமல் ரிப் பாதியில் நின்றுபோகிற சிஸ்டம் என்றால் பில்லைத் தேடி எடுத்து வாரன்ட்டி கேளுங்கள். திருத்தத்துக்கு முன்பே பழுதுபட்ட பிராசஸரை பயாஸால் மீட்க முடியாது.

இந்தப் பிராசஸர்களை நம் வேலையை வைத்து ஒப்பிட்ட சோதனை கடையில் கிடைக்காது; நாமே செய்ய வேண்டியதுதான். மூன்று ஃபைல்கள் போதும். லேயரோடு ஒரு சாமி படம், நிழலும் ஒளிவட்டமும் நிறைந்த ஒரு பட்டாசு லேபிள், கடைப் பெயர் மட்டும் மாறும் நூறு காலண்டர் அட்டைகளின் தொகுப்பு. இவற்றை உங்கள் சிஸ்டத்தில் திறந்து, பி.டி.எஃப். ஆக்கி, ரிப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தைக் குறியுங்கள். பிராசஸர், ரேம், டிஸ்க், ரிப் மென்பொருளின் பதிப்பு, அன்றைய அறை வெப்பம் ஆகியவற்றையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். அச்சகத்தின் பெயரும் வாடிக்கையாளரின் பெயரும் வேண்டாம். வருகிற முடிவுகளை அட்டவணையாக்கி இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.