ரசாயனப் பாடமும் செய்முறைப் பரீட்சையும்

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் ரசாயன சாஸ்திரம் போதிக்கப்பட்டு வரும் முறையைக் குறித்துச் சில வார்த்தைகள் கூறுவது அவசியமெனக் கருதுகிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் இப்பாடத்திற்குரிய 100 மார்க்குகளில் எழுத்துப் பரீட்சைக்கு 70ம், செய்முறைக்கு 20ம், பள்ளிக்கூடத்தாரே இடும் அகமதிப்பீட்டிற்கு 10ம் ஒதுக்கப்பட்டுள்ளன. தேர்ச்சிக்கு வேண்டியது 35. செய்முறை மார்க்குகளைத் தாராளமாக வழங்கிவிட்டால் மாணாக்கர் கரையேறிவிடுவர் என்ற எண்ணம் உபாத்தியாயர் சிலருக்கு உண்டாவது இயல்பே. இது இரக்கத்தால் பிறந்ததென்றே வைத்துக்கொள்வோம். ஆயினும் அதனால் விளையும் கேடு சிறிதன்று.

தரம்பார்த்தல் என்னும் பரிசோதனையை நோக்குக. பிப்பெட்டால் 20 மில்லி கரைசலை அளந்து குடுவையிலிட்டு, பியூரெட்டிலிருந்து மற்றொன்றைத் துளித்துளியாக விட்டு, நிறம் மாறும் கணத்தில் அளவைக் குறிக்க வேண்டும். அந்த அளவிலிருந்து கணக்குப் பிறக்க வேண்டும். நடப்பதோ வேறு. வரவேண்டிய விடை முன்னரே தெரிந்திருப்பதால், மாணாக்கன் பின்புறமாகக் கணக்கிட்டு, பியூரெட் காட்டாத அளவை நோட்டில் எழுதிவிடுகிறான்!

இவ்விரண்டையும் இணைப்பதற்கு அரிய சாமான்கள் வேண்டியதில்லை. கடையில் விற்கும் வினிகர் புட்டியில் நூற்றுக்கு நான்கு பங்கு அஸிடிக் அமிலம் என்று அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். லிட்டருக்கு 40 கிராம். மூலக்கூறு எடை 60. ஆகவே செறிவு ஏறக்குறைய 0.67 மோலார். அதைப் பத்து மடங்காக நீர்த்து, 20 மில்லி எடுத்து, பினால்ப்தலீன் இரண்டு துளி சேர்த்து, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்ஸைடை விட்டால் சுமார் 13.3 மில்லியில் இளஞ்சிவப்புத் தோன்ற வேண்டும். 10 மில்லியிலேயே தோன்றிவிட்டால் புட்டியிலிருப்பது நூற்றுக்கு மூன்று பங்குதான். விற்றவன் பொய் சொன்னானா, தன் கை பிசகிற்றா என்பதை மாணாக்கன் மறுபடியும் செய்து பார்த்துத் தீர்மானிக்கட்டும். இங்கே கணக்கு வெறும் சூத்திரமன்று, ஒரு சாட்சி.

மருத்துவப் படிப்புக்கான நீட் பரீட்சையில் 2024ஆம் ஆண்டு முதல் செய்முறை ரசாயனத்தின் தத்துவங்களும் பாடத்திட்டத்தில் சேர்க்கப்பட்டன. ஆனால் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சையில், பியூரெட்டைக் கையால் தொட்டறியாதவனும் மார்க்கு வாங்கலாம். நீந்தும் விதத்தைக் காகிதத்தில் சோதிப்பது போன்றதே இது.

1896ஆம் ஆண்டில் கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய், பாதரசத்தின்மீது நீர்த்த நைட்ரிக் அமிலத்தைச் செலுத்தியபோது எதிர்பாராத மஞ்சள் நிறப் படிகங்களைக் கண்டார். அவற்றை ஆராய்ந்தே மெர்க்குரஸ் நைட்ரைட் என்னும் பொருளை உலகிற்கு அறிவித்தார். நம் பள்ளிப் பழக்கம் அவருக்கு இருந்திருந்தால் அப்படிகங்களைக் கொட்டிவிட்டு, புஸ்தகத்திலுள்ளதை எழுதியிருப்பார்.

ஆகவே செய்முறைப் பரீட்சையில் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு செறிவுள்ள கரைசலைக் கொடுக்க வேண்டும். தனக்குக் கிடைத்த அளவை மறைக்காமல் எழுதி, பிழைக்குக் காரணம் கூறுபவனுக்கு மார்க்கு உண்டென்று விதி செய்ய வேண்டும். இதற்குப் பணச்செலவு சொற்பமே. சோதனைச்சாலை உதவியாளர் ஒருவர் முதல்நாள் மாலை சில மணி நேரம் உழைக்க வேண்டியிருக்கும். எந்தெந்தப் பள்ளிகளில் அந்த ஸ்தானம் காலியாகக் கிடக்கிறதோ, அங்கெல்லாம் அதைப் பூர்த்தி செய்வதே கல்வி இலாகா முதலில் கவனிக்க வேண்டிய காரியமாகும்.