சாவி யார்கிட்ட?

காசு கொடுத்து வாங்கினவனே மென்பொருள்ல கை வைக்கக் கூடாதுன்னு கம்பெனிக்காரங்க பூட்டு போடறாங்களே, அதைக் கொஞ்சம் திட்டலாம்னு இருக்கேன். நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்லீங்க, வெறும் பி.காம். ஆனா பேங்க்ல இருபது வருஷமா பூட்டு, சாவியோட குடும்பம் நடத்தறவன்.

லாக்கருக்கு ரெண்டு சாவி. ஒண்ணு எங்ககிட்ட, ஒண்ணு உங்ககிட்ட. ரெண்டும் சேர்ந்தாதான் திறக்கும். இது பாதுகாப்பு. மென்பொருள் பூட்டுல? காசு உங்களுது, பொருள் உங்க வீட்டுல, சாவி மட்டும் கம்பெனிகிட்ட!

2005ல சோனி பிஎம்ஜி அடிச்ச கூத்து ஞாபகம் இருக்கா? காப்பி எடுக்கறதைத் தடுக்க பாட்டு சிடிக்குள்ள ஒரு புரோகிராம் வச்சாங்க. சிடியைப் போட்டு 'ஓகே' தட்டினா, அது விண்டோஸுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். மார்க் ருசினோவிச் அதைக் கண்டுபிடிச்சு வெளியில சொன்னார். அப்புறம் வைரஸ்களும் அதே மறைவுல ஒளிய, சிடிகளைத் திரும்ப வாங்கினாங்க. அடி யாருக்கு? காசு கொடுத்தவனுக்கு. திருட்டு எம்பி3 இறக்கினவன் ஜாலியா பாட்டு கேட்டான்.

"உங்க பேங்க் ஆப் மட்டும் யோக்கியமா?"ன்னு கேப்பீங்க. ஆப்பை மாத்தி, போலியைப் பரப்பி பின் நம்பர் திருடறாங்க. அதனால ஆப் தன்னைத்தானே சோதிச்சுக்கறது நியாயம். ஆனா பல ஆப்கள் உங்க போனையே சந்தேகப்படுது. கம்பெனி அப்டேட்டை நிறுத்தின பழைய போன்ல சமத்தா ஓடும். அதே போன்ல லினியேஜ் ஓஎஸ் போட்டு ஓட்டையை அடைச்சீங்கன்னா, ஓட மாட்டேன்னு அடம் பிடிக்கும். வெளியூர்ல இருந்து அம்மாவுக்கு மாசாமாசம் பணம் அனுப்பறவன், இதுக்காகப் புது போன் வாங்கணுமா? உங்க பேலன்ஸ் இருக்கறது பேங்க் சர்வர்ல. முதல் காவல் அங்க போடணும்.

சட்டமும் பாருங்க. 2012ல திருத்தின நம்ம காப்பிரைட் சட்டத்துல 65ஏ பிரிவு: பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரை ஜெயில். ஆனா உரிமையை மீறற எண்ணத்தோட உடைச்சாதான். அமெரிக்காவோட 1998 சட்டம் எதுக்கு உடைச்சேன்னு பெரும்பாலும் கேட்கறதே இல்லை. சொந்த டிராக்டரை ரிப்பேர் பண்ண, 2015ல விவசாயிகளுக்குத் தனியா விலக்கு கொடுக்க வேண்டியிருந்தது. இந்த விஷயத்துல நம்ம சட்டமே தேவலை.

பூட்டே வேண்டாம்னு சொல்லலை. எனக்கும் ஒரு சாவி கொடுங்கன்னுதான் சொல்றேன். லாக்கர்ல நாங்க கொடுக்கறோமே, இவங்களுக்கு என்ன கேடு?

மாத்துக் கருத்து இருந்தா வாங்க, சண்டை போடலாம்.