திருநாளுக்கு முந்தும் வாணிபம்

கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தை, பொறுமையோடு காத்திருப்பதற்கென்றே திருச்சபை வகுத்திருக்க, அமெரிக்கக் கடைவீதிகளிலோ அக்டோபர் மாதத்து இலைகள் உதிர்ந்து முடியுமுன்பே அலங்கார விளக்குகளும் தள்ளுபடி விளம்பரங்களும் தோன்றிவிடுவது மெய்யாகவே வேதனை தருகிறது. இவ்வவசரம் புதிதன்று. 1939-ஆம் ஆண்டில், நன்றியறிதல் நாளுக்குரிய நவம்பரின் கடைசி வியாழக்கிழமை 30-ஆம் தேதியில் வந்தமையால், அதற்குப் பின் கிறிஸ்துமஸ் வரையிலான விற்பனை நாட்கள் குறையுமென்று வியாபாரிகள் முறையிட, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நன்றியறிதல் நாளையே ஒரு வாரம் முன்னுக்குத் தள்ளினார்; மாநிலங்களில் ஏறக்குறையப் பாதி அதை ஏற்க மறுத்தமையால் ஒரே தேசம் இரு தினங்களில் அப்பண்டிகையைக் கொண்டாடிய விபரீதம், 1941-இல் காங்கிரஸ் சட்டமியற்றி நான்காம் வியாழனை நிர்ணயிக்கும் வரையில் நீடித்தது. லாபம் தேடுவது வணிகரின் தர்மமே. ஆயினும், கூலிக்கு உழைக்கும் தகப்பனொருவன் இரண்டு மாத காலம் தன் குழந்தையின் கையைப் பற்றியவாறு கடைகளின் கண்ணாடி ஜன்னல்களைக் கடக்க வேண்டியிருப்பதை எண்ணி, நன்றியறிதல் நாள் கழியும் வரையிலேனும் அவ்விளக்குகளை ஏற்றாதிருக்குமாறு அவர்களை வேண்டிக்கொள்கிறோம்.