பதிவேட்டில் மதம் உண்டு. பாசறையில் மரியாதை உண்டா?

இராணுவத்தில் சேர ஆசைப்படும் ஒரு முஸ்லிம் இளைஞன் விண்ணப்பப் படிவத்தை நிரப்புகிறான். பெயர், தந்தை பெயர், ஊர், படிப்பு என்று எழுதிக்கொண்டே வருகிறான். 'மதம்' என்ற கட்டம் வருகிறது. 'இஸ்லாம்' என்று எழுதுகிறான். எழுத ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் அந்த ஒரு சொல்லை எழுதிக் கொடுத்ததால் அவனுக்கு என்ன கிடைக்கிறது? அதன் பெயரால் அவன் எதைக் கேட்கலாம்? எதைக் கேட்டால் வேலை போகும்? சேருகிற நாளில் இதை அவனுக்கு யாரும் தெளிவாகச் சொல்வதில்லை.

2022 ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே ஒரு சர்ச்சை எழுந்தது. அக்னிவீர் விண்ணப்பத்தில் சாதியையும் மதத்தையும் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எதிர்க்கட்சியினர் கேள்வி எழுப்பினர். இது புதிதல்ல, எப்போதும் கேட்கப்படுவதுதான் என்று இராணுவம் பதிலளித்தது. பயிற்சியிலோ பணியிலோ ஒருவர் இறந்துவிட்டால் அவரது மத முறைப்படி இறுதிச் சடங்கு செய்ய வேண்டும். படைப்பிரிவுகளுக்கு மத போதகர்களை நியமிக்க வேண்டும். அதற்காகவே இந்த விவரம் தேவைப்படுகிறது என்றும் விளக்கம் தந்தது.

இந்த விளக்கத்தை நாம் மறுக்கவில்லை. ஒரு முஸ்லிம் சிப்பாய் எல்லையில் ஷஹீதானால் அவரது ஜனாஸா முறைப்படி அடக்கம் செய்யப்பட வேண்டும். அதற்கு அவர் முஸ்லிம் என்பது பதிவேட்டில் இருக்கத்தான் வேண்டும். நம் கேள்வி வேறு. இறந்துபோன சிப்பாயின் மதத்தை இவ்வளவு அக்கறையாக மதிக்கும் இராணுவம், உயிரோடு நிற்கும் சிப்பாயின் மதத்தையும் அதே அளவுக்கு மதிக்கிறதா?

வேலூர் சொல்லும் பாடம்

படைக்கும் மதத்துக்கும் உள்ள உறவைப் பற்றித் தமிழ் மண்ணுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் நடந்தது நமக்குத் தெரியும். சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிராடக் புதிய உடை விதிகளைக் கொண்டுவந்தார். இந்து சிப்பாய்கள் நெற்றியில் சமயச் சின்னம் இடக்கூடாது. முஸ்லிம் சிப்பாய்கள் தாடியை மழிக்க வேண்டும். எல்லோரும் புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும். மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது.

இந்துவும் முஸ்லிமும் ஒன்றாகவே எழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர்கள் கொல்லப்பட்டனர். பதிலுக்கு நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் கொன்று குவிக்கப்பட்டனர். அதே கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். கடைசியில் என்ன நடந்தது? அந்த உடை விதிகள் திரும்பப் பெறப்பட்டன. கிராடக்கும் ஆளுநர் பெண்டிங்கும் இங்கிலாந்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டனர். படைவீரனின் நம்பிக்கையை அவனைக் கேட்காமல் ஆணை போட்டுத் திருத்த முடியாது என்பதை அந்நிய ஆட்சியே அன்று உணர்ந்துகொண்டது.

1857க்குப் பிறகு ஆங்கிலேயன் வேறு வழியில் போனான். மதத்தையும் சாதியையும் அழிக்க முயலாமல், அவற்றைக் கணக்கெடுத்துக் கூறு போட்டுப் படைகளை அமைத்தான். ஒரு கூறு எழுந்தால் இன்னொரு கூற்றை வைத்து அடக்கலாம் என்பது அவன் கணக்கு. சீக்கியர், கூர்க்கா, ராஜ்புத், ஜாட் என்ற பெயர்கள் இன்றும் படைப்பிரிவுகளில் நிலைத்திருப்பது அந்த வழியில் வந்தவைதான்.

இருக்கும் நன்மையை மறைக்கலாமா?

நியாயமாகப் பேச வேண்டும். சுதந்திர இந்தியாவின் இராணுவம் மதத்தை ஒதுக்கிவைத்த இராணுவம் அல்ல. பண்டிட், கிரந்தி, மௌலவி, பாதிரியார், பௌத்தத் துறவி என்று மத போதகர்களை அது முறைப்படி தேர்வு செய்கிறது. அவர்களுக்கு நாயிப் சுபேதார் தகுதி உண்டு; சம்பளம் உண்டு; புனேயில் உள்ள தேசிய ஒருமைப்பாட்டு நிறுவனத்தில் பயிற்சியும் உண்டு. மௌலவிகளில் சுன்னி, ஷியா என்று தனித்தனி இடங்கள்கூட அறிவிக்கப்படுகின்றன. லடாக் ஸ்கவுட்ஸ் படைக்கு ஷியா மௌலவி கேட்டு விளம்பரம் வருகிறது. 'சர்வ தர்ம ஸ்தல்' என்ற பெயரில் பல மதத்தவரும் ஒரே கூரையின் கீழ் வழிபடும் இடங்களும் பல முகாம்களில் உண்டு.

இந்த இராணுவத்தில்தான் பிரிகேடியர் முஹம்மது உஸ்மான் 1948இல் நவ்ஷேராவைக் காத்து, ஜங்கரில் உயிர் தந்தார். 1965இல் ஹவில்தார் அப்துல் ஹமீது பாகிஸ்தான் டாங்கிகளைத் தகர்த்து, அந்தக் களத்திலேயே உயிர் நீத்து, பரம்வீர் சக்ரா பெற்றார். இவர்களுடைய மதம் இவர்களுடைய கடமைக்குக் குறுக்கே நிற்கவில்லை. இதையெல்லாம் நன்றியோடு சொல்லிவிட்டுத்தான் குறையைச் சொல்கிறோம்.

தாடிக்கு ஒரு தேதி

விமானப்படையின் 1964ஆம் ஆண்டு விதிகளில் 425ஆம் விதி என்று ஒன்று இருக்கிறது. முடியை வெட்டுவதையோ முகத்தை மழிப்பதையோ எவருடைய மதம் 'தடை செய்கிறதோ' அவர்கள் தாடி வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். சீக்கியருக்கு இதில் சிக்கல் இல்லை. முஸ்லிம்களின் நிலை என்ன?

2003இல் வந்த ஒரு சுற்றறிக்கை அதற்கு விசித்திரமான பதிலைத் தந்தது. 2002 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பு சேர்ந்து, சேரும்போதே மீசையோடு தாடியும் வைத்திருந்த முஸ்லிம்களுக்கு மட்டும் அனுமதி என்றது. நபிவழிக்குக் காலக்கெடு உண்டா? டிசம்பர் 31 வரை மார்க்கமாக இருந்தது ஜனவரி முதல் தேதியன்று மார்க்கம் இல்லாமல் போய்விடுமா?

விமானப்படை வீரர் அன்சாரி ஆப்தாப் அஹ்மத் தாடி வைத்ததற்காக 2008இல் பணியிலிருந்து நீக்கப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2016 டிசம்பர் 15 அன்று தலைமை நீதிபதி டி.எஸ். தாக்கூர் தலைமையிலான அமர்வு அவரது மனுவைத் தள்ளுபடி செய்தது. முகம் மழிப்பதை இஸ்லாம் தடை செய்கிறதா என்று நீதிபதிகள் கேட்டபோது, இதில் பல விளக்கங்கள் உண்டு, தாடி வைப்பது விரும்பத்தக்கது என்பது அவற்றில் ஒன்று என்று மூத்த வழக்கறிஞர் சொன்னார். விதியின் வரம்புக்குள் இவர் வருகிறார் என்பதற்கு ஆதாரம் காட்டப்படவில்லை என்று நீதிமன்றம் முடித்துவிட்டது.

இங்கே நம் சமுதாயமும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எட்டு ஆண்டுகள் வழக்கு நடந்தது. மத்ஹபுகளின் நிலை இது, ஆலிம்களின் கருத்து இது என்று ஒருமித்த குரலில் அந்த வீரருக்குத் துணையாக எத்தனை பேர் போய் நின்றோம்? ஃபித்ராவைப் பங்கிடுவதில் காட்டும் வேகத்தை இதில் காட்டினோமா?

கடற்படையைப் பாருங்கள். அங்கே எந்த மதத்தவரும் அதிகாரியின் அனுமதி பெற்றுத் தாடி வளர்க்கலாம். மார்க்க ஆதாரம் கேட்பதில்லை. அதனால் எந்தக் கப்பலும் மூழ்கிவிடவில்லை, ஒழுங்கும் குலைந்துவிடவில்லை. பிரிட்டன் இராணுவமும் 2024இல் தன் வீரர்கள் அனைவருக்கும் தாடிக்கு அனுமதி தந்துவிட்டது.

கருவறை வாசலில் நின்ற அதிகாரி

இது தாடியோடு முடிகிற விஷயம் அல்ல. லெப்டினன்ட் சாமுவேல் கமலேசன் ஒரு கிறிஸ்தவர். 2017இல் 3ஆவது குதிரைப் படைப்பிரிவில் அதிகாரியானார். அவருக்குக் கீழே இருந்தவர்கள் சீக்கிய வீரர்கள். அந்தப் படைப்பிரிவில் கோயிலும் குருத்வாராவும் இருந்தன. எல்லா மதத்தவருக்குமான பொது வழிபாட்டிடம் இல்லை என்பது அவர் தரப்பு வாதம். வாராந்திர அணிவகுப்பில் வீரர்களோடு அவர் போனார், காலணியைக் கழற்றினார், மரியாதையோடு வெளியே நின்றார். கருவறைக்குள் வந்து சடங்கில் பங்கேற்க மட்டும் மறுத்தார். 2021இல் பணியிலிருந்து நீக்கப்பட்டார். 2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றமும் நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அந்த நீக்கம் சரியே என்றன. அதிகாரி தன் வீரர்களின் உணர்வை மதிக்கத் தவறினார், ஆணையை மீறினார் என்பது நீதிமன்றங்களின் பார்வை. கிறிஸ்தவ போதகர் ஒருவரே உள்ளே போவதில் தவறில்லை என்று சொன்னதும் அவருக்கு எதிராகக் கொள்ளப்பட்டது.

தீர்ப்புக்குக் கட்டுப்படுவது குடிமகனின் கடமை. தீர்ப்பு எழுப்பும் கேள்வியைக் கேட்பது குடிமகனின் உரிமை. அதிகாரி தன் வீரர்களோடு நிற்க வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. காஷ்மீரில் முஸ்லிம் வீரர்கள் நோன்பு வைக்கும்போது அவர்களோடு நோன்பிருக்கும் இந்து அதிகாரிகள் உண்டு என்பதைக் கேட்டு நாம் மகிழ்கிறோம். ஆனால் அது மனம் விரும்பிச் செய்வது. ஆணையிட்டுச் செய்ய வைப்பது வேறு. மரியாதை காட்டு என்று உத்தரவிடலாம். வணங்கு என்று உத்தரவிடலாமா?

நாளை ஒரு முஸ்லிம் அதிகாரி இதே இடத்தில் நிற்பார். அல்லாஹ்வைத் தவிர யாரையும் வணங்கமாட்டேன் என்பதுதான் அவருடைய ஈமானின் முதல் வாக்கியம். இந்த ஈமானைத்தான் அவர் சேர்ந்த நாளில் 'மதம்' என்ற கட்டத்தில் எழுதிக் கொடுத்தார். எழுதி வாங்கிக்கொண்டவர்கள் அதன் பொருளை அறியாமலா வாங்கினார்கள்?

எண்ணிக்கை கேட்டால் மட்டும் கோபம் ஏன்?

2006இல் நீதிபதி சச்சார் குழு இராணுவத்தில் முஸ்லிம்கள் எத்தனை பேர் என்று கேட்டது. அப்போது எழுந்த கூச்சலை மறக்க முடியாது. இராணுவத்தைப் பிரிக்கப் பார்க்கிறார்கள் என்றார்கள். வீரர்களை மத அடிப்படையில் நாங்கள் பார்ப்பதில்லை என்று அன்றைய தளபதி ஜே.ஜே. சிங் சொன்னார். அந்த விவரம் இல்லாமலேயே 2006 நவம்பரில் சச்சார் அறிக்கை வெளிவந்தது.

ஜனாஸாவுக்காக மதம் பதியப்படுகிறது. மௌலவியை நியமிக்க மதம் எண்ணப்படுகிறது. நாட்டின் மிகப் பெரிய சிறுபான்மைக்கு இந்த அரசுப் பணியில் எவ்வளவு பங்கு கிடைத்திருக்கிறது என்று பிரதமர் அமைத்த குழு கேட்டால் மட்டும் மதம் பார்ப்பதில்லை என்கிறார்கள். கணக்கு இருப்பது ஆபத்தா, கணக்கு வெளியே தெரிவது ஆபத்தா?

நீதிமன்றம் மறுத்ததை நாடாளுமன்றம் தரலாம்

அமெரிக்காவில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கோல்ட்மன் என்ற யூத அதிகாரி விமானப்படைச் சீருடையோடு யூதத் தொப்பி அணிந்தார். 1986இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. எளிமையான, பணிக்கு இடையூறு செய்யாத சமய அடையாளங்களைச் சீருடையோடு அணிய அந்தச் சட்டம் வழிவிட்டது. 1993இல் அங்கே முதல் முஸ்லிம் மத போதகர் நியமிக்கப்பட்டார். 2017இல் இராணுவம் அங்கீகரித்த நம்பிக்கைகளின் பட்டியல் 221 ஆக விரிந்தது. 2025 டிசம்பரில் அதே பட்டியல் மிதமிஞ்சிப் போய்விட்டது, சுருக்கப் போகிறோம் என்று அமைச்சர் பீட் ஹெக்செத் அறிவித்தார்.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. நீதிமன்றத்தில் தோற்றதைச் சட்டமன்றத்தில் பெறலாம் என்பது ஒன்று. பட்டியலை அதிகாரி நீட்டவும் முடியும், குறுக்கவும் முடியும்; எனவே உரிமை சட்டத்தில் இருக்க வேண்டும், சுற்றறிக்கையில் அல்ல என்பது மற்றொன்று. நமது அரசியல் சட்டத்தின் 33ஆவது பிரிவு படைவீரர்களின் அடிப்படை உரிமைகளை எவ்வளவு கட்டுப்படுத்தலாம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத்தான் தந்திருக்கிறது. எவ்வளவு பாதுகாக்கலாம் என்பதையும் அதே நாடாளுமன்றம் எழுதலாம்.

நாம் கேட்பது

நாம் கேட்பது சலுகை அல்ல. முஸ்லிமுக்கு மட்டும் கேட்பதும் அல்ல.

ஒன்று: தாடி, தலைப்பாகை போன்றவற்றுக்கு முப்படைகளுக்கும் ஒரே விதி வேண்டும். 'மதம் தடை செய்கிறதா' என்ற கேள்விக்குப் பதிலாக, 'இவர் உண்மையாக நம்புகிறாரா, பணிக்கு இடையூறு உண்டா' என்று கேட்கப்பட வேண்டும்.

இரண்டு: எந்த மதத்தவரையும் இன்னொரு மதத்தின் வழிபாட்டுச் சடங்கில் பங்கேற்குமாறு ஆணையிடக் கூடாது. மரியாதையாக உடன் நிற்பதே போதும் என்று விதியில் எழுத வேண்டும். ஒவ்வொரு படைப்பிரிவிலும் பொது வழிபாட்டிடம் இருக்க வேண்டும்.

மூன்று: சேருகிற நாளிலேயே மத உரிமைகளும் அவற்றின் எல்லைகளும் எழுத்தில் தரப்பட வேண்டும். பத்தாண்டுப் பணிக்குப் பிறகு நீதிமன்ற வாசலில் தெரிந்துகொள்ளும் நிலை வரக்கூடாது.

நான்கு: பெயர்களோ, படைப்பிரிவு விவரங்களோ இல்லாமல் மொத்த எண்ணிக்கையை நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும்.

நம் இளைஞர்களுக்கு ஒரு சொல். இதையெல்லாம் படித்துவிட்டு, நமக்கு ஏன் இந்த வம்பு என்று ஒதுங்கிவிடாதீர்கள். ஒதுங்கினால் கேட்க ஆள் இருக்காது. விண்ணப்பம் போடுங்கள்; ஓடுங்கள்; தேர்வு எழுதுங்கள். 'மதம்' என்ற கட்டத்தில் தயங்காமல் எழுதுங்கள். ஜமாஅத்துகளும் ஆலிம்களும் உங்களுக்கு மார்க்க விளக்கத்தை எழுதித் தர வேண்டியது அவர்கள் கடமை. நாட்டுக்காக உயிரைத் தரத் துணிந்தவனிடம், உன் இறைவனை விட்டுவிட்டு வா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. வேலூரில் அதைக் கேட்டவன் அந்நியன். நம் சொந்த அரசு அதைக் கேட்காது என்ற நம்பிக்கையோடுதான் இந்தக் கோரிக்கைகளை வைக்கிறோம்.