மலைக்கு உரிய ஆடை

ஸ்காட்லாந்து தேசத்தாரின் கில்ட் என்னும் இடையாடையைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் கொண்டிருக்கும் எண்ணம், பை வாத்தியம் முழங்க அணிவகுத்து வரும் வீரர்களையோ, வெள்ளிப் பொத்தான் பதித்த கறுப்புக் கோட்டுடன் கலியாணக் கோலத்தில் நிற்கும் மணமகனையோ படங்களில் கண்டதனால் உண்டானது. அந்த நாட்டிலேயே இன்று பலர் ஏறக்குறைய இதே எண்ணத்தில் இருப்பதுதான் வருந்தத் தக்கது. மழைக்கு உதவும் மெழுகேற்றிய பருத்தி மேலங்கியையும், சேற்றுக்கு அஞ்சாத கனத்த பூட்ஸையும், முரட்டுக் கம்பளிச் சட்டையையும் கில்ட்டோடு சேர்த்து அணிந்துகொண்டு ஒருவர் மலைப்பாதையில் நடந்தால், சம்பிரதாயத்துக்கு ஊறு விளைந்துவிட்டதென்று முகம் சுளிப்பவர்கள் அங்கே உண்டு. அவர்களுடைய அபிப்பிராயம் சரித்திரத்துக்கும் விரோதமானது, அந்த ஆடையின் சுபாவத்துக்கும் விரோதமானது என்பது என் திடமான கருத்து.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஹைலாண்ட்ஸ் எனப்படும் மலைநாட்டில் வழங்கிய ஆதி ஆடை தைத்த உடையே அன்று. பல கஜ நீளமுள்ள கம்பளித் துணியைக் கொசுவி, இடையில் வாரால் இறுக்கி, மிஞ்சிய பாகத்தைத் தோளின்மேல் இட்டுச் செருகிக்கொண்டால், பகலில் அது உடை. மழை வந்தால் தலையை மூடும் முக்காடு. இரவில் வாரை அவிழ்த்துவிட்டால் புதர்க்காட்டின் நடுவே உடம்பைச் சுற்றிக்கொண்டு உறங்குவதற்குப் போர்வை. மாடு மேய்த்தவனும் வேட்டையாடியவனும் ஓடைகளைக் கடந்து நடந்தவனும் உடுத்திய தொழிலாடை அது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதன் கீழ்ப்பாகம் மட்டும் தனியே பிரிந்து, பின்னர் கொசுவங்கள் நிரந்தரமாகத் தைக்கப்பெற்று, இன்றைய கில்ட் ஆயிற்று.

ஸ்டூவர்ட் வம்சத்துக்காக மலைநாட்டார் செய்த கிளர்ச்சி முறியடிக்கப்பட்டதும், 1746இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு இந்த ஆடையையே குற்றமாக்கியது. முதல் முறை உடுத்தியவனுக்கு ஆறு மாதச் சிறை, மறுமுறை உடுத்தியவனுக்கு ஏழாண்டு கடல் கடந்த தண்டனை. மன்னரின் படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. (மலைநாட்டார் அடங்கிய அத்தகைய படையொன்று 1781இல் நம் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியின் சேனையை எதிர்த்துப் போரிட்டது, அப்பொழுதும் ஊரில் இருந்த அவர்களுடைய உறவினருக்குத் தடை நீங்கவில்லை.) 1782இல் சட்டம் ரத்தானபோது, 36 ஆண்டுகளில் ஒரு தலைமுறையே அந்த ஆடையை மறந்திருந்தது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய கோலாகலங்களில் கில்ட் மீண்டும் மேடையேறியது; ஆனால் ஏழையின் தொழிலாடையாகப் போனது, பிரபுக்களின் திருவிழா ஆடையாகத் திரும்பி வந்தது. இன்று சம்பிரதாயம் என்று போற்றப்படுவதில் பெரும்பகுதி அந்த வைபவத்திலும், அதற்குப் பின் பால்மோரலில் மாளிகை அமைத்துக்கொண்ட விக்டோரியா மகாராணியின் காலத்திலும் உருவானதே.

அந்தப் பிரபுக்களும் வேட்டைக்குச் செல்லும்போது விருந்துக் கோட்டை அணியவில்லை. ட்வீட் என்னும் முரட்டுக் கம்பளிக் கோட்டைத்தான் கில்ட்டின்மேல் அணிந்தார்கள். இன்று யாரும் ஆட்சேபிக்காத அந்த ட்வீட், அக்காலத்தில் காற்றையும் தூறலையும் தாங்குவதற்காகவே கொள்ளப்பட்ட வெளிப்புற உடை. சென்ற நூற்றாண்டின் மெழுகேற்றிய மேலங்கிக்கும் அதே நியாயம் உண்டு. அவ்வகை அங்கிகளுக்குப் பேர்போன பார்பர் நிறுவனத்தை 1894இல் இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் துறைமுகத்தில் தொடங்கிய ஜான் பார்பரும் ஸ்காட்லாந்துக்காரரே. போயர் யுத்தத்திலோ, மலைநாட்டுப் படைவீரர்கள் கில்ட்டின் வர்ணம் பகைவன் கண்ணில் படாதபடி அதன்மேல் காக்கித் துணியைக் கட்டிக்கொண்டார்கள். கில்ட்டின் மானம் அதனால் குறைந்ததாக எவரும் சொல்லவில்லை.

இனி, எதை எதோடு சேர்ப்பது என்பதில் விவேகம் வேண்டும். கில்ட் இடுப்பெலும்பின்மேல் அன்றி அதற்கும் மேலே, தொப்புளை ஒட்டிக் கட்டப்படுவது. ஆகையால் காற்சட்டைக்கென்று வெட்டிய நீண்ட அங்கியை அதன்மேல் போட்டால், கொசுவங்கள் பாதிக்கு மேல் மறைந்து உருவம் கெடுவதோடு, அங்கியின் ஓரத்திலிருந்து சொட்டும் மழைநீர் முழுவதும் பின்புறத்துக் கொசுவங்களில் இறங்கி, ஏறக்குறைய எட்டுக் கஜத் துணியையும் ஈரமாக்கிவிடும். இடையோடு நிற்கும் குட்டையான அங்கி தூறலுக்குப் போதும்; பெருமழைக்கு, பை வாத்தியக்காரர்கள் அணியும் இன்வர்னஸ் கேப் போல முழங்கால்வரை தொங்கும் அகன்ற போர்வையங்கியே தக்கது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் நீளந்தான் தொல்லை. கம்பளி, தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் உடம்புக்குச் சில்லென்று படாது. ஆயினும் முற்றும் நனைந்த கில்ட் பெரும் பாரம். காலுக்கு, முழங்காலுக்குக் கீழே மடித்துவிட்ட தடித்த கம்பளிக் காலுறையும், கணுக்காலைத் தாங்கும் பூட்ஸும் வேண்டும். கில்ட்டுக்குப் பை கிடையாதாகையால் முன்னே தொங்கும் ஸ்போரன் என்னும் தோற்பை அவசியம். அது ரோமம் வைத்த விருந்துப் பையாக இராமல், சாதாரணத் தோலால் ஆனதாக இருக்கட்டும். ஏறும்போது அதை இடுப்பின் பக்கமாக நகர்த்திக்கொள்ளலாம். நிறங்களைப் பற்றியும் ஒரு சொல்: பல குலங்களுக்கு வேட்டைக்கென்றே பச்சையும் பழுப்பும் நீலமும் கலந்த அடக்கமான டார்ட்டன் என்னும் கட்டக் கோலங்கள் உண்டு. வயல்வெளிக்கும் மலைக்கும் அவையே பொருந்தும். கட்டம் போட்ட துணியின்மேல் கட்டம் போட்ட கோட்டை அணிவது மட்டும் கண்ணுக்கு உவப்பாக இராது.

குறைகளை மறைத்துப் பேசுவது நியாயமன்று. முதல் மகாயுத்தத்துப் பதுங்குகுழிகளில் சேறு படிந்து உறைந்த கில்ட்டின் ஓரம் வீரர்களின் கால்களை அறுத்ததும், கொசுவங்களில் பேன் குடிபுகுந்ததும் மெய்யே. இரண்டாம் மகாயுத்தத்தின் தொடக்கத்தில் அது போர்க்கள உடையாக இருப்பது நின்றதற்கு இத்தகைய காரணங்களும் உண்டு. கோடையில் ஹைலாண்ட்ஸின் கொசு போன்ற சிறு பூச்சிகளும், புதர்களில் ஒட்டும் உண்ணிகளும் திறந்த காலுக்குத் துன்பந்தான். உண்ணிக்கடியால் லைம் நோய் வரக்கூடுமாதலால், நடை முடிந்ததும் கால்களைச் சோதித்துப் பார்ப்பது கடமை. ஆனால் இவையெல்லாம் எச்சரிக்கைக்குக் காரணமாகுமே அன்றி, ஆடையைப் பெட்டியில் பூட்டுவதற்குக் காரணமாகா. கையால் தைத்த நல்ல கில்ட் பல நூறு பவுண்டு பெறும். அது நன்றாகப் பேணினால் தகப்பனிடமிருந்து மகனுக்குச் செல்லக்கூடிய உறுதி படைத்தது. அதனை ஆண்டுக்கு ஒரு கலியாணத்துக்கு மட்டும் எடுத்து உடுத்துவது, நெய்தவன் உழைப்புக்கும் தைத்தவன் உழைப்புக்கும் செய்யும் அவமரியாதை.

ஆதலால் கில்ட் வைத்திருப்பவர்களும், அந்நாட்டில் குடியேறி அதை விரும்பி வாங்கிய நம்மவர்களும், வரும் இலையுதிர் காலத்தில் குட்டை அங்கியையும் நல்ல பூட்ஸையும் சேர்த்து அணிந்து, கூச்சமின்றி மலைக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதைத் தடுக்கும் சட்டம் 1782இலேயே ஒழிந்துவிட்டது.