யோனாவின் மீனும் வெண்காரப் பொட்டலமும்

இவ்வாண்டு எங்கள் வகுப்பு ‘யோனா’ நாடகத்தை நடித்தது. இறைவாக்கினர் மூன்று பகலும் மூன்று இரவும் மீனின் வயிற்றில் இருந்தாரே, அந்த வயிறு வயிறாகத் தோன்ற வேண்டாமா? தெர்மாகோலில் விலா எலும்புகளைச் செய்துவிட்டோம். அவற்றிலிருந்து நூல் நூலாக வடியும் கொழகொழப்புக்கு என்ன செய்வது? சினிமாவில் வருவது போன்ற ‘ஸ்லைம்’ வேண்டும் என்று முடிவு செய்தோம்.

கைப்பேசியில் பார்த்தபடி வெள்ளைப் பசையில் வெண்காரம் கரைத்த நீரைக் கலந்தோம். பசையிலுள்ள நீண்ட மூலக்கூறுகளை வெண்காரம் பிணைப்பதால் அது அழகாகத் திரண்டது. மகிழ்ச்சியோடு பிசைந்துகொண்டிருந்தபோது, ஒரகடத்தில் தொழிற்சாலை வேலை முடித்து அக்கா வந்தாள்.

“கையுறை எங்கே? டப்பாவில் என்ன எச்சரிக்கை போட்டிருக்கிறது?” என்று கேட்டாள்.

டப்பா ஏது? நாட்டுமருந்துக் கடையில் காகிதப் பொட்டலமாக அல்லவா வாங்கியிருந்தோம்!

அக்காவின் கேள்வி என்னைச் சிந்திக்க வைத்தது. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை காரும் கைப்பேசியும் செய்யும் ஆலைகள் நிறைந்த பகுதி நமது. அக்கா வேலை செய்யும் இடத்தில், எந்த வேதிப்பொருளையும் பெயர் தெரியாமல், உறை அணியாமல் தொட விடமாட்டார்களாம். வளர்ந்தவர்களுக்கே இத்தனை காவல் இருக்க, வீட்டில் பத்து வயதுப் பிள்ளை வெறுங்கையால் வெண்காரம் பிசைவது முறையாகுமா? அது கண்ணையும் தோலையும் உறுத்தும். வயிற்றுக்குள் போனால் நஞ்சு. எங்கள் நாடகத்திலோ அது யோனாவாக நடிப்பவளின் முகத்திலேயே வடியும்!

வியப்பூட்டும் கலைக்கு ஆபத்தான பொருள் தேவையில்லை என்பதே என் கருத்து. 1957இல் வந்த ‘மாயா பஜார்’ படத்தில் லட்டுகள் தாமாகவே கடோத்கஜன் வாய்க்குள் பறக்கும். கணினி இல்லாத அக்காலத்தில் அதைப் படமாக்கியவர் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி. யோசனையும் பொறுமையுமே அவருடைய மூலதனம். 1984இல் வெளியான ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ என்னும் ஆங்கிலப் படத்தில் பேய்களின் ஸ்லைமுக்குப் பயன்பட்டது மெத்தில் செல்லுலோஸ். தாவர நாரிலிருந்து பெறப்படும் அப்பொருள் உணவைக் கெட்டியாக்கவும் உதவுவது.

நாங்களும் அடுப்பங்கரையை நாடினோம். கால் டம்ளர் ஆளிவிதையை இரண்டு டம்ளர் நீரில் பத்து நிமிடம் கொதிக்க வைத்தோம். முட்டையின் வெள்ளைக்கரு போல் ஆனதும், அம்மா அதைச் சூட்டோடு மெல்லிய துணியில் வடித்துத் தந்தார். சமையலுக்குரிய பச்சை நிறத்தில் இரண்டு சொட்டு சேர்த்தோம். அவ்வளவுதான்!

இது வெண்கார ஸ்லைம் போல நாள்கணக்கில் நிற்காது என்று தோழியர் சிலர் குறை கூறினர். உண்மைதான். அன்றன்று காய்ச்ச வேண்டும்; மேடையில் சிந்தினால் வழுக்கும், உடனே துடைக்க வேண்டும். ஆனால் அரைமணி நேர நாடகத்துக்கு நாள்கணக்கில் நிற்கும் ஸ்லைம் எதற்கு?

விழாவன்று விளக்கொளியில் மீனின் வயிறு பளபளத்தது. முன்வரிசைச் சிறுமியர் “ஐயே!” என்று முகத்தைச் சுளித்தார்கள். நாடகம் முடிந்ததும் அவர்களே அதைத் தொட்டுப் பார்க்க ஓடி வந்தார்கள். நாங்கள் ஒருவரையும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய தேவை இல்லாததே அன்று எங்களுக்குக் கிடைத்த முதற்பரிசு.